சமூகப் பணிக்கும் சிறார் நீதித் துறைக்கும் செல்ல விரும்பும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நம் மலேசியாவில் எஸ்பிஎம், எஸ்டிபிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வுகளின் முடிவுகள் வெளிவந்து, உயர்கல்விக்கூடங்களுக்கான யூபியூ விண்ணப்பம் திறக்கும் காலங்களில் தங்கள் நாளிதழில் வரும் மாணவர் வழிகாட்டிக் கட்டுரைகளை விடாமல் படித்து வருபவள் நான். மருத்துவம், பொறியியல், கணக்கியல், கணினித் துறை ஆகியவற்றைப் பற்றி அவற்றில் நிறைவாகவே எழுதப்படுகிறது. சமூகப் பணி, சிறார் நன்னடத்தைக் கண்காணிப்பு, சிறைக்குப் பிந்திய மறுவாழ்வு ஆகிய துறைகளைப் பற்றி ஒரு பத்திகூட என் கண்ணில் பட்டதில்லை. சுங்கை சிப்புட் வட்டாரத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில் ஆலோசக ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு, இத்துறைகளைக் கேட்டு வரும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருவது நன்றாகத் தெரியும். எல்பில், டோவன்பி, ஹெவுட் தோட்டங்களின் பக்கத்துப் பிள்ளைகள் இன்றும் சான்றிதழ் நகல்களைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு தேடி வருகிறார்கள். அவர்களுக்கு ஆர்வம் இருக்கிறது, தகுதியும் பலருக்கு இருக்கிறது. ஆனால் வீட்டில் உள்ளவர்கள் சம்மதிப்பதில்லை.

அண்மையில் படிவம் 6 முடித்த ஒரு பெண் தன் தந்தையுடன் வந்திருந்தாள். தந்தை செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர், பண்பானவர், மகளின் படிப்புக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர். "கோர்ட்டு, லோக்காப்புன்னு அலையற வேலையா டீச்சர்? நம்ம பக்கம் நடந்ததெல்லாம் போதாதா? நல்ல படிப்பா ஒண்ணு சொல்லுங்க" என்று அவர் கேட்டபோது, அந்தப் பெண் தலை நிமிரவில்லை. இந்தத் தந்தையின் கேள்வியைக் குறைவாக மதிக்க எனக்கு மனமில்லை. காவல் நிலைய வாசலில் காத்துக் கிடந்த அனுபவம் ஏதோ ஒரு வகையில் நம் தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் உண்டு; அந்த வாசலுக்குத் தன் மகள் சம்பளத்துக்காகவும் போகக் கூடாது என்று ஒரு தகப்பன் நினைப்பது இயல்புதான். ஆனால் அதே காரணத்தைக் கொண்டே அவள் போக வேண்டும் என்று நான் சொல்வேன். அதை விளக்கவே இக்கடிதம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் வீடமைப்புத் திட்டங்களுக்காக விற்கப்பட்டும் போனதில் நம் மக்கள் வேலையை மட்டும் இழக்கவில்லை. லயன் எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு பிள்ளை தடம் மாறினால் கண்டிக்கப் பத்து வீட்டுப் பெரியவர்கள் இருந்தார்கள். தோட்டத்துக் கோயிலும் பாலர் பள்ளியும் பந்துத் திடலும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. அங்கிருந்து பெயர்ந்து மலிவு விலை அடுக்குமாடிக்கும் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்கும் வந்த குடும்பங்களில் தாயும் தகப்பனும் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்டு பார்க்க, பிள்ளைகள் தம் காலத்தைத் தாமே கழிக்கும்படி ஆயிற்று. அந்த இடைவெளியில்தான் குண்டர் கும்பல் நுழைந்தது. இவற்றையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் சிலர், அண்ணனுக்கோ மாமனுக்கோ நேர்ந்ததை நினைத்து, 'அன்று யாராவது ஒருவர் இடையில் வந்திருந்தால்' என்று எண்ணத் தொடங்குகிறார்கள். என்னிடம் வரும் மாணவர்களின் ஆர்வத்துக்கு வேர் பெரும்பாலும் இதுதான்.

இடையில் வரும் அந்த ஒருவர் யார் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின்படி 18 வயதுக்கு உட்பட்டவர் குற்றம் சாட்டப்பட்டால், பெரும்பாலான வழக்குகள் சிறார் நீதிமன்றத்துக்குச் செல்கின்றன. அங்கே மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு ஆலோசகர்கள் அமர்வார்கள்; அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பிள்ளை குற்றத்தை ஒப்புக்கொண்டாலும், குற்றம் நிரூபிக்கப்பட்டாலும், நீதிமன்றம் உடனே தண்டனையை அறிவித்துவிட முடியாது. லாப்போரான் அக்லாக் என்று இலாகாவில் சொல்லப்படும் நன்னடத்தை அறிக்கையை முதலில் பார்த்தாக வேண்டும். பிள்ளையின் பொதுவான நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, உடல்நல வரலாறு ஆகியவற்றை விசாரித்து அதை எழுதுபவர் சமூகநல இலாகாவைச் சேர்ந்த நன்னடத்தை அதிகாரி. கண்டித்து விடுவிப்பதா, நன்னடத்தை உறுதிமொழி வாங்குவதா, உறவினர் பொறுப்பில் விடுவதா, அதிகாரியின் கண்காணிப்பில் வைப்பதா, துனாஸ் பக்தி, ஹென்றி கர்னி என்ற சீர்திருத்தப் பள்ளிகளில் ஒன்றுக்கு அனுப்புவதா என்பதைத் தீர்மானிக்கும்போது மாஜிஸ்திரேட்டின் முன்னால் இருக்கும் முக்கியமான தாள் அதுதான். பிள்ளையின் வீட்டை மாஜிஸ்திரேட் நேரில் பார்ப்பதில்லை. அதிகாரி எழுதிய வீட்டைத்தான் பார்க்கிறார்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். சிறார் வழக்கில் சம்பந்தப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடை செய்வதால், ஊரையும் காலத்தையும் தவிர்த்திருக்கிறேன். திருட்டு மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனபோது பிடிபட்ட பையன் அவன். பள்ளிப் பதிவேட்டைக் கேட்டு வந்த நன்னடத்தை அதிகாரி, தாய்க்கு மலாய் சரளமாக வராது என்று தெரிந்ததும், வீட்டு விசாரணைக்கு என்னையும் துணைக்கு அழைத்தார். அக்கறையுள்ள மனிதர், அவசரப்படாமல்தான் கேட்டார். "இரவு வேலைக்கு நீங்கள் போய்விட்டால் பையனை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று அவர் மலாயில் கேட்டதற்கு, அந்தத் தாய் பயந்துகொண்டே "தா அடா, துவான்" என்றார். யாரும் இல்லை என்ற அந்தப் பதில் அப்படியே தாளில் ஏறியது. நான் தமிழில், "ராத்திரி தம்பி எங்கம்மா சாப்பிடுவான்?" என்று கேட்டேன். "பக்கத்து வீட்டுப் பாட்டி சோறு போடுவாங்க டீச்சர், அங்கயே படுத்துக்குவான். எதிர்ல என் தம்பி இருக்கான், காலையில பள்ளிக்கூட பஸ்ஸுக்கு அவன்தான் எழுப்பி விடுவான்" என்றார் அவர். சொந்த வீட்டில் யாரும் இல்லை என்பதால் 'யாரும் இல்லை' என்று சொல்லிவிட்ட அந்தத் தாய், பாட்டியையும் தன் தம்பியையும் ஒரு பொருட்டாக எண்ணி அதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை. நான் சொன்னதைக் கேட்ட அதிகாரி, முன்பு எழுதிய வரியை அடித்துவிட்டு, எதிர்வீட்டுக் கதவைத் தட்டி அந்தத் தாய்மாமனிடம் வெகுநேரம் பேசினார். பின்னர் நீதிமன்றம் பையனை அந்த மாமன் பொறுப்பிலேயே விட்டது.

அன்று நான் அங்கே இருந்தது தற்செயல். ஒரு பிள்ளையின் எதிர்காலம் தற்செயலை நம்பி இருக்கக் கூடாது. இந்த வேலையை நேர்மையாகச் செய்யும் மலாய், சீன அதிகாரிகள் பலரை நான் அறிவேன். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. எனினும் நம் வீடுகளில் எதைக் கேட்டால் பதில் வரும், எதைக் கேட்டால் தாய் வாயை மூடிக்கொள்வாள், தகப்பன் குடித்துவிட்டுப் படுத்திருப்பதை மறைக்க மகள் என்ன சொல்வாள் என்பதெல்லாம் அதே வரிசை வீட்டில் வளர்ந்த ஒருவருக்குக் கேட்காமலே விளங்கும். அப்படிப்பட்டவர்கள் இலாகாவில் போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டுமானால், அந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளின் எண்ணிக்கை முதலில் கூட வேண்டும்.

சிறார் நீதிமன்றம் ஓர் இடம் மட்டுமே. குடும்ப வன்முறைச் சட்டம் 1994ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி அவசரப் பாதுகாப்பு உத்தரவு என்ற ஏற்பாடு அதில் சேர்க்கப்பட்டது. அடிபட்டு வந்த பெண்ணுக்கு நீதிமன்றம் திறக்கும்வரை காத்திராமல், அதிகாரம் பெற்ற சமூகநல அதிகாரியே இரண்டு மணி நேரத்துக்குள் அதை வழங்கலாம். அது 7 நாட்களுக்குச் செல்லும். நள்ளிரவில் 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணை அழைக்கும் ஒரு தோட்டத்துப் பெண், நடந்ததைத் தன் மொழியில் கொட்டித் தீர்க்க மறுமுனையில் ஒருவர் இருந்தால் அது எவ்வளவு பெரிய பலம் என்பதைப் பெண்களாகிய நாங்கள் அறிவோம். பாலியல் கொடுமைக்கு ஆளான சிறுமி சாட்சி சொல்லும்போதும் இதே நிலைதான். பிள்ளைச் சாட்சிகளுக்கென 2007ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்து, திரைக்குப் பின்னாலிருந்தோ காணொளி வழியாகவோ சாட்சி சொல்லும் வசதி ஏற்பட்டிருந்தாலும், அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கித் தமிழில் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் மன்றத்துக்குக் கொண்டு சேர்க்க நல்ல நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். 2008ஆம் ஆண்டுச் சிறைச்சாலைச் சட்டத் திருத்தத்தோடு வந்த பரோல் முறையில் வெளிவருபவரை வீட்டிலும் வேலையிடத்திலும் சந்தித்துக் கண்காணிக்கும் பரோல் அதிகாரியும், போதைப்பொருள் ஒழிப்பு நிறுவனமான ஏஏடிகேயின் மறுவாழ்வு அதிகாரியும் இந்த வரிசையில் வருபவர்களே. பாதுகாப்புக் குற்றங்களுக்கான சோஸ்மா சட்டத்தின் கீழ் 28 நாட்கள் வரை தடுத்து வைக்கப்படும் ஓர் இளைஞனின் குடும்பத்துக்கு, எங்கே போய் யாரிடம் எதைக் கேட்கலாம் என்று சொல்லக்கூடிய ஒரு வழக்கறிஞர் நம் ஊரிலேயே இருப்பதன் அருமையை அனுபவித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி, மாணவர்களிடமும் சில செய்திகளை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆர்வம் மட்டும் போதாது.

தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துவிட்டுத் தடயவியலைக் கேட்டு வருபவர்கள் பலர். தடயவியல் என்பது அறிவியல் படிப்பு. யூஎஸ்எம் என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் குபாங் கெரியான் வளாகத்திலும், யூகேஎம் என்ற தேசியப் பல்கலைக்கழகத்திலும் அதற்கான பட்டப்படிப்பு உண்டு. வேதியியலும் உயிரியலும் இல்லாமல் அதில் நுழைய நினைப்பது வீண். படித்து முடித்தபின் இரசாயன இலாகா போன்ற ஆய்வுக்கூடங்களில்தான் பெரும்பாலும் வேலை. மனிதர்களோடு பேச வேண்டும், குடும்பங்களை நிலைநிறுத்த வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்களுக்கு உரியது சமூகப் பணிப் பட்டம். 1975ஆம் ஆண்டில் யூஎஸ்எம்மில்தான் இந்நாட்டில் சமூகப் பணிக் கல்வி தொடங்கியது. யூஎஸ்எம்மின் தலைமை வளாகம் உள்ள பினாங்கு நம் ஊரிலிருந்து எட்டாத தொலைவில் இல்லை. சிந்தோக்கில் உள்ள யூயூஎம், பாங்கியில் உள்ள யூகேஎம், சரவாக்கில் உள்ள யூனிமாஸ் ஆகிய பல்கலைக்கழகங்களிலும் அப்படிப்பு உண்டு. கலைப் பிரிவில் எஸ்டிபிஎம் எழுதிய மாணவர்கள், தங்களுக்கு இனி வழியில்லை என்று எண்ணி ஏதோ ஒரு தனியார் கல்லூரி டிப்ளோமாவுக்குக் கடன் வாங்கிக்கொண்டு போவதற்குமுன் இதைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது மலாய்மொழி. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அரசுப் பணிக்கு எஸ்பிஎம்மில் மலாய்மொழியில் கிரெடிட் எனப்படும் நல்ல தேர்ச்சி வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்தத் துறைக்கு அந்தக் கிரெடிட் போதவே போதாது. தாய் தமிழில் அழுதுகொண்டே சொல்வதைக் கேட்டுவிட்டு, மறுநாள் அதை மாஜிஸ்திரேட் படித்து நம்பும்படி தெளிந்த மலாயில் எழுதத் தெரிந்தவனே நல்ல நன்னடத்தை அதிகாரி. தமிழ் மட்டும் தெரிந்தவனால் அந்தத் தாளை எழுத முடியாது. ஆகவே இந்தத் துறையை விரும்பும் மாணவன் படிவம் 4இலிருந்தே மலாய்க் கட்டுரையைத் தண்டனையாக நினைக்காமல், தன் தொழிலுக்கான கருவியாக நினைத்துப் பழக வேண்டும்.

மற்றொன்று சற்று நுணுக்கமானது. தன் வீட்டில் பட்ட காயத்தினால் இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளிடம், வரவேண்டாம் என்று நான் சொல்வதில்லை. அவர்களுக்குள்ள பொறுமையும் கூர்மையும் மற்றவர்களுக்கு எளிதில் வருவதில்லை. ஆனால் குடிகாரத் தகப்பனை வெறுத்து வளர்ந்த ஒருவர், நாளை இன்னொரு குடிகாரத் தகப்பன் முன்னால் உட்கார்ந்து அவன் சொல்வதையும் முழுதாகக் கேட்க வேண்டியிருக்கும். பாதிக்கப்பட்டவரிடம் மட்டுமன்றி, குற்றம் செய்தவரிடமும் மரியாதையாகப் பேசிப் பழக வேண்டியிருக்கும். அது முடியுமா என்று பட்டப்படிப்பின் களப்பயிற்சியிலேயே தெரிந்துவிடும். முடியாதென்று தெரிந்தால் துறை மாறுவதில் இழிவு ஒன்றுமில்லை.

சம்பளத்தைப் பற்றிப் பெற்றோர் கேட்பது நியாயமே. பொதுச் சேவை ஆணையத்தின் வழி சமூகநல இலாகாவில் சேரும் பட்டதாரிக்கு, மற்ற அரசுப் பட்டதாரி அதிகாரிகளுக்குரிய சம்பளம் கிடைக்கும். மருத்துவ நிபுணரின் வருமானத்தை எதிர்பார்க்கக் கூடாது. அரசுப் பணி உடனே அமையாதவர்களுக்குப் பொதுநல அமைப்புகளிலும் காப்பகங்களிலும் வேலை உண்டு. அங்கே சம்பளம் குறைவு, வேலை அதிகம். அதோடு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். உளவள ஆலோசகர்களுக்கு 1998ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்து, பதிவு பெறாதவர் அத்தொழிலைச் செய்ய முடியாது என்ற நிலை ஏற்பட்டது. சமூகப் பணியாளர்களுக்கான சட்டத்துக்கோ 2010ஆம் ஆண்டில் அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தும், அது ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. தகுதியும் பயிற்சியும் பெற்றவருக்கும் நல்ல மனம் படைத்த எவருக்கும் வேறுபாடு இல்லாதிருந்த தொழிலுக்குப் பெற்றோர் பிள்ளையை அனுப்பத் தயங்கியதில் வியப்பில்லை. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதன் நிலையைத் தொடர்ந்து கேட்க வேண்டும்.

போலீஸ் படையைப் பற்றியும் கேட்கிறார்கள். மக்கள்தொகையில் இந்தியர்களின் பங்கு ஏறத்தாழ 7 விழுக்காடு. போலீஸ் படையில் நம் விகிதம் அதைவிடக் குறைவு. விண்ணப்பித்தாலும் கிடைக்காது என்ற பேச்சு நம்மிடையே வேரூன்றிவிட்டது. விண்ணப்பித்தவர் எத்தனை பேர், எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் விலக்கப்பட்டார்கள் என்ற விவரத்தை ஆண்டுதோறும் வெளியிட்டால்தான் அந்தப் பேச்சு தீரும் என்பது என் கருத்து. அதுவரை தகுதியுள்ள பிள்ளைகள் விண்ணப்பிக்காமல் இருப்பது சரியன்று. காவல் நிலையத்தில் நம் மக்களை நடத்தும் முறை குறித்து நமக்குள்ள மனக்குறைகளை வெளியிலிருந்து கேட்பதோடு, உள்ளே இருந்து சரிசெய்யக்கூடியவர்களும் வேண்டும்.

பெண் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிய அச்சத்துக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறேன்: கிளினிக்கில் இரவு வேலை பார்க்கும் தாதியை நம்பி அனுப்பும் நாம், இலாகா வாகனத்தில் உடன் பணியாற்றுபவரோடு வீட்டு விசாரணைக்குச் செல்லும் அதிகாரியையும் நம்பி அனுப்பலாம்.

சுங்கை சிப்புட் கல்விக்குக் கைகொடுக்காத ஊரன்று. 1954ஆம் ஆண்டில் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்த மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி இங்கேதான் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டி 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பிய முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் பிறந்த ஊரும் இதுவே. ஆகவே இந்த ஊரிடம் கேட்கக் கூச்சமில்லாமல் சிலவற்றைக் கேட்கிறேன். இடைநிலைப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், தொழில் வழிகாட்டி நாளில் வங்கிக்காரரையும் கல்லூரி முகவரையும் அழைப்பதோடு மாவட்டச் சமூகநல அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியையும் அழைக்க வேண்டும். சிறார் நீதிமன்றம் பொதுமக்களுக்கு மூடப்பட்டது என்றாலும், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் மற்ற வழக்குகள் திறந்த மன்றத்திலேயே நடக்கின்றன. படிவம் 6 மாணவர்களை ஒரு காலைப்பொழுது அங்கே அழைத்துச் சென்று பின்வரிசையில் அமர வைக்கலாம். கோயில் நிர்வாகங்கள் ஆண்டுதோறும் வழங்கும் கல்வி உதவிநிதியில், களப்பயிற்சிக்காக வெளியூரில் அறை எடுத்துத் தங்க வேண்டிய சமூகப் பணி மாணவர் ஒருவருக்காவது இடம் ஒதுக்கலாம்.

எங்கள் தலைமுறைக்கும் ஒரு வேலை இருக்கிறது. சிறார் நீதிமன்ற ஆலோசகர்கள் அந்தந்த மாநிலத்தில் வசிப்பவர்களிலிருந்து அமைச்சரால் நியமிக்கப்படுகிறார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியைகளும் தாதியரும் இதில் விருப்பம் தெரிவித்து மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். நான் விசாரித்திருக்கிறேன்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், பணியில் இருக்கும் தமிழ் நன்னடத்தை அதிகாரி, பரோல் அதிகாரி, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஆகியோரைப் பேட்டி கண்டு, அவர்கள் எந்தப் பாடங்களை எடுத்தார்கள், எந்த வழியில் வேலைக்குச் சேர்ந்தார்கள், ஒரு வார வேலை எப்படிப் போகிறது என்பதை விரிவாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த யூபியூ விண்ணப்பம் திறப்பதற்குமுன் அது வெளிவந்தால், விண்ணப்பத்தில் எதை முதல் தேர்வாகக் குறிப்பது என்று தயங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலோசக ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.